எதிராளியை அறிதலும் அறிதலின் அறமும்

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 71ஆம் அதிகாரம் பொருட்பாலில் அமைந்து, ஒருவர் வாய்திறந்து சொல்லாததை அவர் முகத்தினின்றே உணர்ந்துகொள்ளும் அமைச்சனின் ஆற்றலைப் பேசுகிறது. 110ஆம் அதிகாரம் காமத்துப்பாலில் அமைந்து, தலைவியின் பார்வையைப் படித்தறியும் தலைவனின் நிலையைப் பேசுகிறது. பெயர் ஒன்று, திறனும் ஒன்று, களம் மட்டுமே வேறு. இவ்விரண்டுக்கும் இடையில், 94ஆம் அதிகாரமாகச் சூது வைக்கப்பட்டுள்ளது. சூதினால் வரும் கேடுகளை அவ்வதிகாரம் அடுக்கிக் கூறுகின்றதே தவிர, சூதாடு களத்தில் ஒருவன் மற்றொருவன் முகத்தைப் படிப்பது பற்றி எதுவும் கூறவில்லை. ஆயினும், அமைச்சனுக்கும் காதலனுக்கும் உரிய அதே கண் ஆட்டக்காரனுக்கும் உண்டு. அமைச்சனிடத்தில் அது கடமை. காதலனிடத்தில் அது அன்பின் ஒரு வடிவம். ஆட்டக்காரனிடத்தில் அதற்கு என்ன பெயர் வைப்பது?

மேனாடுகளில் இவ்வினா போக்கர் என்னும் சீட்டாட்டத்தையொட்டி எழுந்தது. அவ்வாட்டத்திற்கென எழுதப்பட்ட கைந்நூல்கள், எதிராளிகளை இரண்டு அளவுகோல்கள் கொண்டு பிரிக்கின்றன. நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பவரா, எச்சீட்டு வரினும் ஆட்டத்தில் நுழைபவரா என்பது ஒன்று. நுழைந்தபின் பந்தயத்தை உயர்த்தி மோதுபவரா, பிறர் உயர்த்துவதற்கு இணங்கிக்கொண்டே செல்பவரா என்பது மற்றையது. இவ்விரண்டையும் பெருக்கினால் நான்கு வகை மனிதர் கிடைப்பர். எதிரே இருப்பவர் நால்வகையுள் எவ்வகையினர் என அறிந்தவன் பாதி வென்றவன் என்பது அந்நூல்களின் போதனை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் போக்கர் வேரூன்றியதில்லை. இங்கே மாலை வேளைகளில் சனசமூக நிலையங்களிலும், கோயில் மடங்களிலும், செத்தவீட்டுப் பந்தலில் விழித்திருக்கும் இரவுகளிலும் நால்வர் கூடி ஆடுவது 'முந்நூற்றி நாலு' ஆகும். ஏழு முதல் ஆசு வரையான முப்பத்திரண்டு சீட்டுகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கும் 304. ராசாவும் ராணியும் ஒன்பதுக்குக் கீழே நிற்கும் இவ்வொழுங்கு அந்நியர்க்கு வியப்பளிப்பது. ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் துரும்பினத்தில் ஜாக்கும் ஒன்பதுமே முதன்மை பெறுகின்றன. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியவர்களோடு இவ்வொழுங்கும் வந்திறங்கியிருக்கலாமோ என்று எண்ணத் தோன்றும். அது வரலாற்று மாணவர்க்குரிய ஆய்வு; ஈண்டு வேண்டப்படுவது ஆட்டத்தின் அமைப்பே.

அவ்வமைப்பில் இரண்டு கூறுகள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, கேள்வி. எட்டுச் சீட்டில் நான்கு மட்டுமே கைக்கு வந்த நிலையில் ஒருவர் கேள்வி கேட்கவேண்டும். ஆகக் குறைந்த கேள்வி 160. மொத்தத்தில் பாதி 152 ஆதலின், கேட்பவர் எவராயினும் பாதிக்கு மேற்பட்டதொன்றை, பாதியறிவோடு, வாக்களிக்கிறார். இரண்டாவது, துரும்பு. கேள்வியை வென்றவர் தமது துரும்பைக் கவிழ்த்து வைக்கிறார். அது இன்ன இனம் என்பது எதிராளிகள் இருவருக்கும் மட்டுமன்று, அவருடைய கூட்டாளிக்கும் தெரியாது. கேட்ட இனத்தில் சீட்டில்லாதவர் தம் சீட்டையும் கவிழ்த்தே இடுவர். துரும்பு வைத்தவரே அதனை எடுத்துப் பார்த்து, வெட்டு விழுந்ததா என்று காண்பார். (விதிகள் ஊருக்கூர் சற்று வேறுபடும், அவ்வேறுபாடுகள் பற்றிய வாக்குவாதமும் ஆட்டத்தின் ஒரு பகுதியே.) ஆகவே மேசையைச் சுற்றியிருக்கும் நால்வரும் மறைபொருள் ஒன்றைச் சுற்றியே அமர்ந்திருக்கின்றனர். சீட்டு மறைந்திருப்பதால் மனிதரைப் படிக்கவேண்டியுள்ளது.

நெடுங்காலம் ஆடிய ஒருவர் படிப்பவை மிகச் சிறியன. ஓரினத்தில் ஒரே சீட்டு உள்ளவர் அதனை உடனே இட்டுவிடுவர்; இரண்டு உள்ளவரே யோசிப்பர். ஒன்பதைக் கையில் வைத்து, ஜாக்கு எவரிடம் உள்ளதெனத் தெரியாமலிருப்பவரின் தயக்கம் தனி வகையானது. இருபது புள்ளி போய்விடுமோ என்னும் அச்சம் விரலிலே தெரியும். இரண்டாவது முறை வரும் நான்கு சீட்டுகளை எடுத்தவுடன் ஒருவர் முகம் எவ்வாறு மாறுகிறது என்பதைக் காண்பதற்காகவே, தம் சீட்டைச் சற்றுத் தாமதித்து எடுப்பவர்களும் உளர். இவற்றுக்கு மேலாக ஒருவரது இயல்பும் உண்டு. நான்கு சீட்டில் ஒரு ஜாக்கைக் கண்டதும் பொறுக்கமாட்டாது கேள்வியை ஏற்றுபவர் ஒருவர். மிகுதி நான்கிலும் கூட்டாளியின் கையிலும் அவருக்குள்ள நம்பிக்கை, உலகத்தின்மீதே உள்ள நம்பிக்கை போன்றது. ஜாக்கும் ஒன்பதும் ஒருங்கே வந்தாலன்றி வாய் திறவாதவர் இன்னொருவர். கேள்வியைக் கூட்டாளியிடமே விட்டுவிட்டு, தோற்றபின் அவரையே குறைகூறுபவர் வேறொருவர். தான் கேட்கும் எண்ணமின்றியே எதிராளியை ஏற்றிவிட்டு, அவர் அகலக் கால் வைத்தபின் அமைதியாகிவிடுபவரும் உண்டு. ஒருமுறை தோற்றால் அடுத்த முறை கோபத்தோடு கேட்பவர் எல்லா ஊர்களிலும் உள்ளார்.

இங்கேதான் முதல் ஐயம் எழுகிறது. இவ்வாறு வகுக்கப்படுவது மனிதரா, அவர் ஆடும் முறையா? மேசையில் அஞ்சுபவர் வாழ்விலும் அஞ்சுபவர் என்று கூறிவிட முடியுமா? சீட்டாட்டத்தில் துணிச்சல் காட்டும் ஒருவர் தம் மகளின் விருப்பத்தைச் சுற்றத்தார்முன் எடுத்துச்சொல்லத் துணியாதவராக இருத்தல் கூடும். சைவசித்தாந்தம் ஆன்மாவின் இயல்பை விளக்குமிடத்து, அது சார்ந்ததன் வண்ணமாதலை எடுத்துக் காட்டும். உயிர் தனக்கென ஒரு நிறத்தைக் கொண்டு நிற்பதன்று. எதனைப் பற்றி நிற்கிறதோ அதுவாகவே விளங்குவது. இக்கருத்தை ஏற்பின், ஓர் ஆட்டக்காரரின் பாணி என்பது அவர் அம்மேசையையும் அந்தக் கையையும் அந்த மாலைப் பொழுதையும் சார்ந்து கொண்ட வண்ணமேயன்றி, அவருடைய சாரமன்று. கூர்ந்து பார்ப்பவர் இதனை அனுபவத்திலேயே அறிவர். அஞ்சி ஆடுபவர் ஒரு நல்ல கூட்டாளி வாய்த்த இரவில் வேறு மனிதராகி விடுகிறார். நேற்றைய வகுப்பை இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருப்பவனே இன்று தோற்கிறான். மேசையில் பெறும் அறிவுக்குள்ள பெருஞ்சிறப்பு, அது ஒவ்வொரு கையிலும் சோதிக்கப்படுகிறது என்பதாகும். பிழையாக அறிந்தவன் அரைமணி நேரத்துக்குள் அதன் விலையைக் கொடுத்துவிடுகிறான்.

அதே சித்தாந்தக் கருத்து மறுபுறமும் வெட்டும். அறிபவனும் ஓர் உயிரே. அவனும் சார்ந்ததன் வண்ணமாவான். மனிதரின் தயக்கங்களையே நாடோறும் தேடித் திரியும் கண், நாளடைவில் தயக்கங்களை மட்டுமே காணும் கண்ணாக மாறிவிடாதா?

இதற்குத் தமிழர் நன்கறிந்த எடுத்துக்காட்டு சகுனி. பாரதக் கதையைக் கூத்திலும் வில்லிபுத்தூரார் வழியாகவும் பாரதியின் பாஞ்சாலி சபதத்தின் வழியாகவும் அறிந்தவர்கள், சகுனியின் குற்றம் கள்ளக் காய்களே என்று கொள்வது வழக்கம். வியாசபாரதத்தின் சபாபருவத்தில் அவன் துரியோதனனுக்குக் கூறும் காரணங்கள் வேறு. தருமனுக்குச் சூதில் விருப்பம் உண்டு, ஆடத் தெரியாது, அழைத்தால் மறுக்கவும் மாட்டான் என்பன அவை. மூன்றும் உண்மை. சகுனியைப் போலத் தருமனைத் துல்லியமாக அறிந்தவர் அவையில் வேறெவரும் இலர் என்றே கூறலாம். அவனது தம்பியர்கூட அவ்வளவு தெளிவாக அறிந்திருக்கவில்லை. முதலிரண்டும் ஓர் ஆட்டக்காரரைப் பற்றிய சாதாரண மதிப்பீடுகள். எந்த மடத்துத் திண்ணையிலும் கேட்கக்கூடியவை. மூன்றாவதே கவனிக்கத்தக்கது. அழைப்பை மறுப்பதில்லை என்பது தருமனின் பலவீனமன்று. அவன் மேற்கொண்டிருந்த ஒழுக்கம். சகுனி அந்த ஒழுக்கத்தையே கோட்டைச் சுவரின் உடைப்பாகக் கண்டான். ஒருவரின் நேர்மையை அவரை வீழ்த்தும் வழியாக மட்டுமே காணும் அறிவு, எவ்வளவு உண்மையாயினும், அம்மனிதரைப் பற்றிய அறிவாக நின்றுவிடுவதில்லை. அது அவர்மீது வைக்கப்பட்ட பொறியாகிறது.

ஆயின், மேசையில் நிகழ்வதும் அதுவேயன்றோ? 'அவர் பொய்க் கேள்வி கேட்கமாட்டார்' என்று அறிந்து, அந்த நேர்மையைக் கொண்டே அவரது கையைக் கணிப்பவர்க்கும் சகுனிக்கும் என்ன வேறுபாடு? சகுனி பெருந்தீமைக்காகச் செய்தான், இவர் பொழுதுபோக்குக்காகச் செய்கிறார் என்பது போதிய விடையாகாது. அளவு சிறிதாயினும் தன்மை ஒன்றாக இருக்கக்கூடும்.

இவ்விடத்தில் ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் 1795இல் எழுதிய 'நிலைத்த சமாதானம்' பற்றிய நூலின் பின்னிணைப்பு ஒன்று துணைபுரிகிறது. பிறர் உரிமையைத் தொடும் செயலொன்றின் பின்னுள்ள நோக்கத்தை வெளிப்படையாகச் சொல்ல இயலாதெனின், சொன்னவுடனேயே அது கெட்டுவிடுமெனின், அச்செயல் நீதியற்றது என்பது அவரது வாதம். அவர் அரசுகளை மனத்திற்கொண்டு இதனை எழுதினார். மனிதர் மனிதரை அறிவதற்கும் இதனைப் பொருத்திப் பார்க்கலாம். ஒருவரைப் பற்றி இன்னொருவர் கொண்டுள்ள அறிவை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? சொன்னபின்னும் இருவரும் அதே மேசையில் அமர்ந்திருக்க முடியுமா?

யாழ்ப்பாணத்து ஆட்டத்தில் அது சொல்லப்படுகிறது. ஒரு கை முடிந்ததும், அடுத்த கைக்குச் சீட்டைக் குலைத்துக்கொண்டே, பெரியதொரு விசாரணை நடைபெறும். "உனக்கு ஜாக்கைக் கண்டாக் கை நிக்காது, அதுதான் நான் பேசாமல் இருந்தனான்" என்பார் ஒருவர். "அண்ணை ஒன்பது இல்லாமல் ஒருநாளும் கேக்கமாட்டார் எண்டு எனக்குத் தெரியும்" என்பார் இன்னொருவர். சில வேளைகளில் ஆட்டத்தைவிட இவ்விசாரணை நீண்டுவிடுவதும், குரல்கள் உயர்வதும், பார்த்திருப்பவர்கள் இருபக்கமும் சேர்ந்துகொள்வதும் உண்டு. அயலவர்க்கு இது வெறும் சச்சரவாகத் தோன்றலாம். உண்மையில் இதன்வழி, ஒருவரிடமிருந்து களவாகப் பெற்ற அறிவு அவரிடமே திருப்பிக் கொடுக்கப்படுகிறது. கை நடக்கும்போது அது மறைவாகவே இருந்தது. அவ்வாறிருப்பதற்கு நால்வரும் உடன்பட்டே அமர்ந்தனர். கை முடிந்தபின் அது பொதுச்சொத்தாகிறது. தம்மைப் பற்றிக் கேட்டறிந்தவர் அடுத்த கையில் தம்மை மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக்கொள்வார் என்பதை மற்றவரும் அறிவர். சகுனி இதனைத் தருமனிடம் ஒருபோதும் சொல்லியிருக்க முடியாது. சொல்லியிருந்தால் சூதே இல்லை.

பிரிட்ஜ் ஆட்டத்தின் சட்டங்கள் இதே வேறுபாட்டை நுணுக்கமாக வகுத்திருப்பது நோக்கற்பாலது. எதிராளியின் தயக்கத்திலிருந்து ஒருவர் முடிவுகள் பெறலாம்; அது அவரவர் பொறுப்பு. தம் கூட்டாளியின் தயக்கத்திலிருந்து பெறலாகாது. பொய்த் தயக்கம் காட்டி எதிராளியை ஏமாற்றுதலும் தடுக்கப்பட்டது. கூட்டாளிகளுக்கிடையே கேள்விகள் பற்றி ஏதேனும் உடன்பாடு இருப்பின் அதனை எதிராளிகளுக்கு வெளிப்படுத்தியே ஆகவேண்டும். முதற்பார்வையில் இது தலைகீழானது. அன்புக்குரியவரின் குறிப்பை அறிதலே இயல்பு. இங்கோ கூட்டாளியின் குறிப்பை அறிதல் குற்றமாகிறது. சற்றுச் சிந்திப்பின் காரணம் புலப்படும். இருவர் மட்டும் அறிந்த குறிப்பு, மற்ற இருவர்க்கு எதிரான இரகசிய மொழியாகிவிடும். 'முந்நூற்றி நாலில்' கூட்டாளிக்குக் கண்காட்டுபவரை எவரும் மன்னிப்பதில்லை. ஆனால் எதிராளியின் கண்ணைப் படித்தவரைக் கெட்டிக்காரர் என்பர். வெளிப்படையாகச் சொல்லத்தக்கது எது, சொல்லத்தகாதது எது என்பதை இம்மேசையில் இருப்போர், காண்டைப் படியாமலே அறிந்திருக்கின்றனர்.

மேசைக்கு வெளியே வந்தால் இவ்வேறுபாடு விளையாட்டாக இராது. இந்தியப் படை இங்கு நிலைகொண்டிருந்த 1987 முதல் 1990 வரையான காலத்திலும், 1995, 1996 ஆண்டுகளில் குடாநாடு இலங்கைப் படையினர் வசமான பின்னரும், சுற்றிவளைப்புகளின்போது மக்களை வரிசையாக நடக்கவிட்டு, முகத்தை மூடிய ஒருவர்முன் நிறுத்தும் வழக்கம் இருந்தது. 'தலையாட்டி' என்ற சொல் அதனாலேயே இம்மண்ணில் ஒரு புதுப் பொருள் பெற்றது. தெற்கிலும் 1980களின் இறுதியில், ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில், சிங்கள மக்கள் இத்தகையவரைச் சாக்கின் பெயரால் 'கோணி பில்லா' என்றனர். தலையாட்டியும் ஒருவகையில் மனிதரை அறிபவரே. ஊரவராகவோ பழகியவராகவோ இருந்ததனாலேயே அவ்விடத்தில் அவர் நிறுத்தப்பட்டார். அவரும் அச்சுறுத்தப்பட்டு அங்கு நின்றிருக்கலாம். அவர்மீது தீர்ப்புக் கூறுதல் எளிதன்று. ஆனால் அந்த அறிதலின் அமைப்பை நோக்கவேண்டும். அறியப்படுபவரின் முகம் திறந்திருந்தது. அறிபவரின் முகம் மூடியிருந்தது. அசைந்த தலைக்குக் காரணம் எவருக்கும் கூறப்படவில்லை. அவ்வறிவு பிழையாயின் அதனைத் திருத்தும் அடுத்த கையும் இல்லை. வரிசையில் நடந்தவர்கள் தம் நடையில் எதுவும் தெரியாதிருக்க முயன்றனர். அதுவே ஐயத்துக்கும் இடமளித்தது. ஒரு சமுதாயம் இத்தகைய காலத்தைக் கடந்து வரும்போது, பிறர் தன்னைப் படிக்கின்றனர் என்னும் உணர்வும், தான் எவரையும் படிக்கவேண்டியிருக்கிறது என்னும் உணர்வும் அதன் உடம்பிலேயே தங்கிவிடுகின்றன. 'அவர் என்ன மாதிரியான ஆள்?' என்ற கேள்வி இங்கே அக்காலத்துக்குப் பின் முழுமையாகச் சாதாரணமாகிவிட்டதென்று கூறமுடியாது.

பணம் புகும்போது மேசையே மாறிவிடுகிறது. 'முந்நூற்றி நாலு' பெரும்பாலும் பணமின்றியே ஆடப்படுவது. தோல்வியின் விலை கேலியே. போக்கரில் ஒருவர் இழப்பதே மற்றவர் பெறுவது. அதனைத் தொழிலாகக் கொண்டவர் தேடுவது தமக்கு நிகரானவரையன்று, தம்மினும் எளியவரை. எச்சீட்டு வரினும் இணங்கிக்கொண்டே செல்லும் எளியவரைக் கண்டுபிடித்து அவர் இருக்கும் மேசையில் அமர்வதே பெருந்திறன் என்பர். இணையவழி ஆட்டத்திலோ, எதிராளி நூறு கைகளில் எத்தனையில் பணம் இடுகிறார், எத்தனை முறை உயர்த்துகிறார் என்பவற்றை எண்ணி, அவர் பெயருக்கருகிலேயே திரையில் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. அவருக்கு இவர் முகம் தெரியாது. தாம் எண்ணப்படுகிறோம் என்பதுகூடச் சிலருக்குத் தெரியாது. கை முடிந்தபின் விசாரணை இல்லை. ஒருவர் ஏன் அவ்வாறு ஆடுகிறார் என்பதற்கு அவ்வெண்களில் இடமில்லை. இழந்ததை மீட்டுவிடும் பதற்றத்தில் ஆடுபவரும் வேடிக்கைக்காக ஆடுபவரும் அங்கு ஒரே எண்ணாகின்றனர்.

தமிழ்நாட்டில் இணைய ரம்மியில் பணம் இழந்தோர் தற்கொலை செய்துகொண்ட நிகழ்வுகளைத் தொடர்ந்து, 2022இல் நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டதும், அவ்வாண்டே சட்டமொன்று இயற்றப்பட்டதும் பலரும் அறிந்தவை. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த ஆட்டங்கள் என்று கூறி, அவற்றைத் தடைப்பட்டியலினின்றும் நீக்கியது. இந்திய நாடாளுமன்றம் 2025 ஓகஸ்டில் இயற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமின்றிப் பணம்வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. திறமையெனில் நன்று, அதிர்ஷ்டமெனில் தீது என்னும் பகுப்பு நீதிமன்றங்களுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளது. அறவியல் நோக்கில் அது போதாது. எதில் திறமை என்ற கேள்வி அதன்பின்னும் எஞ்சி நிற்கிறது. பிறர் பதற்றத்தை இனங்காணும் திறமையும் திறமைதான். சகுனியிடம் இருந்ததும் அதிர்ஷ்டமன்று.

எதிராளியை அறியாமலே வெல்ல முடியுமா என்பதற்கு அண்மைக் காலம் எதிர்பாராத விடையொன்றைத் தந்துள்ளது. கணிதவியலாளர் வொன் நொய்மான், மோர்கென்ஸ்டேர்ண் என்பவரோடு சேர்ந்து 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாடு பற்றிய நூலில், போக்கரில் பொய்ப் பந்தயம் கட்டுவது மனத்தந்திரம் அன்று, கணிதத் தேவையே என்று காட்டினார். ஒருபோதும் பொய்ப் பந்தயம் கட்டாதவரின் ஒவ்வொரு பந்தயமும் திறந்த சீட்டாகிவிடும். அவ்வழியில் வந்தது 'லிப்ராட்டஸ்' என்னும் கணினி நிரல். கார்ணிகி மெலன் பல்கலைக்கழகத்தின் தூமஸ் சான்ட்ஹோம், நோம் பிறவுன் ஆகியோர் ஆக்கிய இது, 2017 ஜனவரியில் பிட்ஸ்பேர்க் நகரில் இருபது நாள்கள் நான்கு தொழின்முறை ஆட்டக்காரர்களுடன் தனித்தனியே பொருதி, 1,20,000 கைகளின் முடிவில் நால்வரையும் வென்றது. அது எதிராளிகளை வகைப்படுத்தவில்லை. அஞ்சுபவரையும் துணிபவரையும் ஒரே வண்ணம் எதிர்கொண்டது. அவர்கள் பந்தயம் கட்டிய முறையிலிருந்து அது கண்டறிந்தது ஒன்றே: தனது ஆட்டத்தில் உடைப்பு எங்கே உள்ளது என்பது. இரவோடிரவாக அதனை அடைத்துக்கொண்டு மறுநாள் வந்தமர்ந்தது. வனபருவத்து நளன் கதை இங்கு நினைவுக்கு வரும். தன் நாட்டை மீட்கும் முன் நளன் கற்றது புட்கரனின் மனத்தையன்று. இருதுபன்னனிடமிருந்து காய்களின் இயல்பையே.

இதனை உயர்ந்த ஒழுக்கம் என்று புகழத் தோன்றலாம். பிறர் குறையைத் தேடாது தன் குறையை அடைப்பது நல்லதுதான். எனினும் அப்புகழ்ச்சி அவசரமானது. லிப்ராட்டஸ் எவரையும் பொறியில் வீழ்த்தவில்லை என்பது உண்மை. எவரையும் சந்திக்கவுமில்லை என்பதும் உண்மை. எதிரே இருந்தது நால்வராயினும் நானூற்றுவராயினும் அதற்கு வேறுபாடில்லை. மடத்துத் திண்ணையில் நாற்பதாண்டு ஒன்றாக ஆடிய நால்வர் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் அறிவு, வெல்லவேண்டும் என்ற ஆசையிலேயே பிறந்தது. ஆயினும் அவர்களில் ஒருவர் சில நாள்களாக வழமைக்கு மாறாக ஆடுகிறார் என்பதை முதலில் கவனிப்பவர்களும் மற்ற மூவரே. வீட்டில் என்ன துன்பம் என்று கேட்பவர்களும் அவர்களே. எதிராளியின் தயக்கத்தைத் தேடித் தேடிப் பழகிய கண் வேறொன்றையும் காணப் பழகியிருக்கிறது. 71ஆம் அதிகாரத்துக்கும் 110ஆம் அதிகாரத்துக்கும் ஒரே பெயர் வாய்த்தது தற்செயலன்று போலும்.

இங்கு ஓர் எதிர்வாதம் எஞ்சியுள்ளது. அது இலகுவில் தள்ளிவிடத்தக்கதன்று. முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய அறிவே நேர்மையானது எனின், எவரால் எவருக்குச் சொல்ல முடியும்? வயதும் சாதியும் பதவியும் இன்னும் எடைபோடப்படும் ஊரில், இளையவர் மூத்தவரைப் பற்றி அறிந்ததெல்லாம் சொல்லிவிட முடியாது. மூத்தவர் இளையவருக்கு எதனையும் சொல்லலாம். பிறப்பைக் கொண்டே ஒருவரை 'இன்ன வகை' என்று தீர்த்துவிடும் வழக்கமோ அறிதல் என்ற பெயருக்கே உரியதன்று. அது எந்தக் கையிலும் சோதிக்கப்படுவதில்லை. ஆகவே காண்டின் உரைகல் சமன்மையை முன்னிபந்தனையாக வேண்டுகிறது. சீட்டு மேசை அச்சமன்மையைச் சில மணி நேரத்துக்குக் கடனாகத் தருகிறது. நால்வருக்கும் எட்டுச் சீட்டு. ராசாவுக்கு மூன்றே புள்ளி. எல்லா மேசைகளிலும் எல்லாரும் அமரவில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று. பெயர்ந்து சென்றோர் றொறன்ரோவிலும் இலண்டனிலும் போட்டிகள் வைத்து இவ்வாட்டத்தை ஆடுகின்றனர். ஊரில் ஒரே திண்ணையில் அமர்ந்திராதவர்கள் அங்கே எதிரெதிரே அமர்வதும், எந்த ஊர் விதிப்படி ஆடுவது என்று முதலில் பேசித் தீர்த்துக்கொள்வதும் கவனத்திற்குரியன.

ஊரில், "அண்ணை ஒன்பது இல்லாமல் ஒருநாளும் கேக்கமாட்டார்" என்று முதல்நாள் மாலை மூத்தவரின் முகத்துக்கு நேரே சொன்ன இளைஞன், மறுநாள் காலை அவரைச் சந்தியில் கண்டால் சைக்கிளை விட்டிறங்கி ஒதுங்கி நிற்கிறான். முந்திய மாலையின் பேச்சை இருவரும் எடுப்பதில்லை. அன்று பொழுதுபட்டபின் மீண்டும் நான்கு சீட்டுகள் கைக்கு வருகின்றன. அண்ணை அவற்றை விரித்துப் பார்க்கிறார், ஒன்பது இல்லை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, இளைஞனின் முகத்தைப் பார்த்தவாறே கேள்வியைக் கேட்கிறார்.